பிங்பாங் மேஜைமேல் போன ராணுவ ரயில்

காலை பத்தேகால் மணிக்கு, நூற்றுப் பன்னிரண்டு சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, எத்திராஜுலுவின் ரயில் ஏரிக்கோடி ஜங்ஷன் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் பிங்பாங் மேஜைமேல் புறப்பட்டது. மேஜையின் மறுகோடியில் கோணித்துணியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருந்த மலையின் குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தபோது அதில் நூற்றுப் பதினோரு பேர் இருந்தார்கள். அது 1994 செப்டம்பர் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. எஞ்சினுக்குள் இருந்த தையல் மெஷின் மோட்டார் முந்தின சனிக்கிழமையே கருகிப்போய் ரிப்பேருக்குப் போயிருந்தது. சிப்பாய்கள் தீக்குச்சியால் செய்யப்பட்டவர்கள். இரண்டுமே பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் ரயில்வேக்காரர்கள். ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்து, "வளைவுல ரொம்ப ஆடுது நைனா, கீழ ஜல்லி பத்தல" என்றார். இன்னொருவர், "இனிமே பிங்பாங் எங்க போய் ஆடறதாம்?" என்று கேட்டார். சிவப்புக் காயைப் போட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தார்கள்.

எத்திராஜுலு சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் ஜாதகம் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள், சிலர் ஹோமியோபதி உருண்டை கொடுப்பார்கள். அவர் யுத்தகால ரயில்களைச் செய்தார். பிஸ்கட் டின்னை வெட்டிப் பெட்டிகளும், குடைத்துணியைத் தார்ப்பாயாகப் போர்த்திய பீரங்கிகளை ஏற்றிய தட்டு வேகன்களும், புகைபோக்கி வைத்த சமையல் பெட்டியுமாக, எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்துக்கு ஏரிக்கோடி வழியாகப் போன ராணுவ ஸ்பெஷலை, பத்திரிகையில் வந்த ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஆணி ஆணியாக எழுப்பியிருந்தார். அந்தப் படத்தில் ஆரத்தித் தட்டும் புளியோதரைப் பொட்டலமும் மாலையும் பேண்டு வாத்தியமுமாக நடைமேடை முழுக்க ஊர் நின்றது. திரும்பி வந்த ரயிலுக்குப் படம் கிடையாது. அதைப் பார்க்க யாரும் போகவில்லை, ஆகவே யாரும் படம் எடுக்கவில்லை, ஆகவே அவர் போகிற ரயிலை மட்டும் செய்தார். வட்டமாகப் போட்ட தண்டவாளத்தில் போகிற ரயிலும் வருகிற ரயிலும் ஒன்றுதான் என்பது, ஆயுள் முழுக்க சிக்னல் பார்த்த மனுஷருக்குத் தோன்றவில்லை.

மறுநாளும் பத்து மணிக்குத் தீக்குச்சிகளுக்கு உயிர் வந்தது. ஜன்னலில் முழங்கை வைத்தார்கள், பீடி பற்றவைத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். எத்திராஜுலு சிக்னல் கையை இறக்கினார், ரயில் போயிற்று, குகைக்குள் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தது, வந்து நின்றதும் எல்லோரும் மறுபடியும் குச்சியானார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு ஆள், கடைசிப் பெட்டியிலிருந்து வரிசையாக. குகைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது பழைய பேப்பரும் பசையும் ஒரு பல்லியும்தான் இருந்தன. யுத்தம் அங்கேதான் நடக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகு யாரும் உள்ளே பார்க்கவில்லை.

அதன்பின் காலனிப் பெண்கள் வந்தார்கள். பேனா மூடியில் தண்ணீரும், ஒரே ஒரு பருக்கைப் புளியோதரையின்மேல் ஒரு கடுகும், அட்சதை அளவு வெல்லமும் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல் ஆளுக்கு ஒரு சிப்பாயைத் தன் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். ரயில் கார்டு வீட்டு நாகரத்தினம், கடைசிப் பெட்டியில் மீசை வைத்த ஒருவனைத் தன் பிள்ளை என்றாள். அவன் முறை வந்த அன்று அழுதுகொண்டே புருவம் திருத்துகிற சாமணத்தால் அவனை ஜன்னலிலிருந்து தூக்கினாள். சாமணத்தில் வெறும் குச்சி இருந்தது.

"பாசஞ்சர் தானா எறங்கணும்மா," என்றார் எத்திராஜுலு. "நாம எறக்கினா அது பார்சல்."

குச்சியை ஜன்னலில் திருப்பி வைத்தாள், குகை அவனை வைத்துக்கொண்டது. நாகரத்தினத்தின் வீட்டுக்கு முன்னால் அன்று சாயங்காலமே பந்தல் போட்டார்கள். இன்ஸ்டிட்யூட் செயலாளர் ஜலகண்டேசன், கூட்ஸ் ஆபீஸ் கிளார்க், மைக் என்றால் உயிரை விடுகிறவர், "வீரத்தாய் நாகரத்தினம்" என்று சுவரொட்டி அடித்தார். மறுநாளிலிருந்து ரயிலைப் பார்க்க வருகிறவர்களில் அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி. இரண்டாவது பந்தல், மூன்றாவது பந்தல் என்று காலனியில் பந்தல்கள் பெருகப் பெருக, முதல் வரிசை நீண்டது. நின்றுகொண்டே பார்க்க வேண்டியிருந்த பெண்கள், எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில் பிள்ளை பிடித்துத் தொலைத்தோமே, நம் முறை எப்போது வருமோ என்று பெருமூச்சு விட்டார்கள். விட்டதை அவர்களே கவனிக்கவில்லை.

ரன்னிங் ரூமில் டிரைவர்களுக்குச் சமைத்துப்போடுகிற பச்சையம்மாள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். யாரோ சொன்னார்கள் என்று, மாவு அரைத்த கையோடு வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, எஞ்சினுக்கு அடுத்த பெட்டியின் முதல் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் தாண்டவராயன் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஊர்ப் பையன் ஆயிற்றே என்று எத்திராஜுலு ஒரு குச்சியை அவனுக்காகச் சீவி அங்கே வைத்திருந்தார்.

"எளச்சிப் போய்ட்டாரு," என்றாள் பச்சையம்மாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் அந்த ரயில் ஏரிக்கோடியில் நின்றபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி எட்டு மாதம். ஆரத்தித் தட்டுக்காரிகள் முன்னால் நின்றார்கள், தலைவர்கள் அவர்களுக்கும் முன்னால் நின்றார்கள், அவளுக்கு அவனுடைய முழங்கை மட்டும்தான் தெரிந்தது. பிறகு, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. செத்தான் என்று யாரும் எழுதவில்லை. ஆகவே வளைகாப்பில் அவளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கத் தட்டை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். சாவு வீட்டில் தாலியறுத்தவர்கள் வரிசையில் உட்காரப்போனால், "நீ எழுந்துரு மே, உனுக்கு இன்னா தெரியும்" என்பார்கள். இருபத்துமூன்று வருஷம் அவள் எல்லா வீட்டிலும் சமையல்கட்டில்தான் நின்றாள்.

கூட்டத்தின் சத்தத்தில் அவன் திரும்பிப் பார்க்கவேண்டுமானால் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். அவள் ஜென்மத்தில் முதல் தடவையாக அவன் பேரைச் சொன்னாள்.

"எம்பேரு உனுக்கு எப்டித் தெரியும் பெரிம்மா?" என்றான் தாண்டவராயன். குரல் கொசு ரீங்காரம்போல இருந்தாலும் குரல் அவனுடையதுதான்.

"நான்தாங்க, பச்சையம்மா."

அவன் சிரித்தான். "எம்பொண்டாட்டி பேருகூட அதான். அவ சின்னப் பொண்ணு. செத்தாலும் எம்பேர வாயில எடுக்கமாட்டா." பிறகு, பெரியவளைக் கேலி செய்துவிட்டோமோ என்று நினைத்தவன்போல, "தண்ணி கீதா பெரிம்மா?" என்று கேட்டான்.

அவள் பேனா மூடியில் தண்ணீர் கொடுத்தாள். அதற்கப்புறம் தினமும் கொடுத்தாள். தினமும், எறங்கிடுங்க, போவாதீங்க, அந்தக் கொகைக்குள்ள போனவன் வரலீங்க என்று சொன்னாள். அவனும் தினமும் சிரித்து, "பொங்கலுக்கு வந்துருவேன் பெரிம்மா, எம்பொண்டாட்டியப் பாத்தா சொல்லு" என்றான். பின்னாலிருந்து பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன.

நவம்பரில் ஏரி உடைகிறாற்போல மழை பெய்த ஒரு நாள், காலனியே முழங்கால் தண்ணீரில் நின்றதால், இன்ஸ்டிட்யூட்டுக்கு எத்திராஜுலுவைத் தவிர யாரும் வரவில்லை. அன்றைக்கு நடுப்பெட்டியில் லைன்மேன் வீட்டுப் பிள்ளை என்று சொல்லப்பட்ட சிப்பாய் ஒருவன் தண்ணீர் குடிக்க இறங்கினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். துப்பாக்கியைப் பெட்டியோரம் சாய்த்துவைத்துவிட்டு, மேஜைக்காலைப் பிடித்துச் சறுக்கிப் போயேபோய்விட்டான். ஜன்னலின் கொசுவலையில் உளுந்து நுழைகிற அளவு ஓட்டை இருந்தது. அந்த லைன்மேன் வீட்டுக்கு இன்ஸ்டிட்யூட் பந்தலும் போடவில்லை, அழைப்பும் அனுப்பவில்லை. குழாயடியில், "ஓடிப்போனவன பெத்தவ வர்றா, வழி விடுங்கடி" என்று பேசினார்கள்.

பச்சையம்மாள் எத்திராஜுலுவைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

"சார், நீங்க சிக்னல எறக்காட்டி ரயில் போவாதில்ல?"

"போகாது."

"எறக்காதீங்க சார்."

எத்திராஜுலு கெட்டவர் இல்லை. மறுநாள் இறக்காமல் இருந்து பார்த்தார். ரயில் நின்றது, ஆனால் எஞ்சின் விசில் ஊத ஆரம்பித்தது. ஊசி குத்துகிறாற்போல மெல்லிசாக, கம்பி நீட்டுகிறாற்போல நீளமாக, சுவர் தாண்டி, தெரு தாண்டி, பால் காய்ச்சுகிற வீட்டிலும் குழந்தை தூங்குகிற வீட்டிலும் காதுக்குப் பக்கத்திலேயே நின்று ஊதியது. சாயங்காலத்துக்குள் காலனி திரண்டு வந்தது. அவர் பச்சையம்மாளைக் கூப்பிட்டு, "மிலிட்டரி ஸ்பெஷலை நிறுத்திவைக்க எனக்கு அதிகாரம் கிடையாதும்மா. மெயிலையே ஒதுக்கிட்டு அதுக்கு வழி விடுவோம். அதான் ரூல்" என்றார். பிங்பாங் மேஜைக்கும் அந்த ரூல் உண்டா என்று அவள் கேட்கவில்லை. உண்டு என்று அவர் நம்புவது முகத்தில் தெரிந்தது. சிக்னல் இறங்கியது.

பொங்கல் கழிந்தபோது ரயிலில் தாண்டவராயன் ஒருவன்தான் மிச்சம். ஜலகண்டேசன் செயற்குழுவைக் கூட்டினார். மற்றவன் எல்லாம் தத்துப்பிள்ளை, இவன் ஒருவன்தான் ஏரிக்கோடி மண்ணில் பிறந்தவன், இவன் போகிற நாள் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையாக இருக்கக்கூடாது என்றார். ஜனவரி இருபத்தாறாம் தேதி குடியரசு தினம், கலெக்டரைக் கூப்பிடலாம், பேண்டு வைக்கலாம், பத்து நாள் பொறுத்தால் போதும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஹாலைப் பூட்டினார்கள், சிக்னலை இறக்கவில்லை, விசில் ஊதியது, பத்து நாளும் ஏரிக்கோடி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சமைத்தது, பஞ்சை அடைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தது, பஞ்சை அடைத்துக்கொண்டு பிள்ளைகளை அதட்டியது. யாரும் புகார் சொல்லவில்லை.

"இப்ப நிக்கிதே சார்," என்றாள் பச்சையம்மாள்.

"இது நிறுத்தி வைக்கறது இல்லம்மா," என்றார் எத்திராஜுலு, பஞ்சை ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டு. "இது ரீஷெட்யூல். நேர மாத்தம். அது வேற, இது வேற."

"விசிலுதான கஷ்டம்? மேஜையோட ரன்னிங் ரூமுக்குத் தூக்கியாந்து வையுங்க. ஆயுசு பூரா நான் கேட்டுக்கறேன்."

அவர் பஞ்சைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு லைன்மேன் வீட்டுப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. அவன் இறங்கியது, பார்க்க யாரும் இல்லாத நாளில். இருபத்தைந்தாம் தேதி பகலெல்லாம் அவள் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாளைக்கு ஒரே ஒரு நாள் யாரும் வராதீர்கள் என்று கேட்டாள். கெஞ்சவில்லை, உப்பு கேட்கிறாற்போலக் கேட்டாள். யாரும் மறுக்கவில்லை. ஜனங்களுக்கு அவள்மேல் அந்த மட்டும் இரக்கம் இருந்தது. நாகரத்தினம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எம்புள்ளங்க மேல ஆணையா வரமாட்டேன் பச்ச. உம்புருசன் எறங்கட்டும். நீயாவது நல்லாயிரு."

ஜலகண்டேசன்கூட, கலெக்டர் வரவில்லை, வேறு ஊரில் கொடியேற்றுகிறார் என்று அன்று மத்தியானம் சேதி வந்துவிட்ட சோர்வில், "சரிம்மா, உன் இஷ்டம். நான் வீட்லயே கொடியேத்திக்கறேன்" என்றார். சிக்னலை நீயே பார்த்துக்கொள் என்று எத்திராஜுலு ஹால் சாவியை அவளிடம் கொடுத்தார்.

இருபத்தாறாம் தேதி பத்து மணிக்குப் பச்சையம்மாள் தனியாகப் போய்க் கதவைத் திறந்தாள். விசில் நின்றது. தாண்டவராயன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, காலியான பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"மத்தவங்கல்லாம் எங்க பெரிம்மா?"

"போய்ட்டாங்க. திரும்பல. யாருமில்லீங்க இங்க, பாருங்க. எறங்கிடுங்க."

அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வெறும் நாற்காலிகள்தான் இருந்தன. நகத்தைக் கடித்தான். பிறகு கதவைத் திறந்து, படியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தகரப் பிளாட்பாரத்தில் வைத்தான். பச்சையம்மாள் முகத்தை மேஜையோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாகரத்தினம் ஆரத்தித் தட்டோடு உள்ளே வந்தாள்.

"யக்கா!"

"இல்ல பச்ச... யாரும் வரமாட்டாங்களேன்னுதான் வந்தேன். ஊர்ப்புள்ள அநாத மாதிரி போவலாமா?"

அவளுக்குப் பின்னால் கூட்ஸ் ஆபீஸ் பெண்கள் வந்தார்கள். யாரும் வரமாட்டார்களே என்று அவர்களும் வந்திருந்தார்கள். பால்காரர் வந்தார், பாயிண்ட்ஸ்மேன்கள் வந்தார்கள், ஒவ்வொருவரும் மற்றவர்கள் வரமாட்டார்கள், தான் ஒருவராவது போகவேண்டும் என்று நினைத்து, தனித்தனியாகப் புறப்பட்டு, வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டு, உள்ளே நெருங்கி நின்றார்கள். கடைசியில் ஜலகண்டேசன் மைக்கோடு வந்தார். முன்பணம் வாங்கியாயிற்றே என்று பேண்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். பத்தேகாலுக்கு ஹாலில் எள் போட இடமில்லை. எத்திராஜுலு சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

தாண்டவராயன் ஒரு கால் படியிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாக, தலையைப் பின்னால் சாய்த்து, தன்மேல் குனிந்திருந்த அத்தனை முகங்களையும் பார்த்தான்.

"எறங்குங்க," என்றாள் பச்சையம்மாள். "இன்னும் ஒரு காலுதான்."

"எப்டி எறங்கறது பெரிம்மா?" என்றான் அவன். சிரிக்கத்தான் பார்த்தான். "ஊரே வழியனுப்ப வந்துகீது, பாரு. இத்தினி பேரு மூஞ்சில எப்டி முழிக்கறது? எம்பொண்டாட்டி எப்டித் தெருவுல நடப்பா?"

"நடப்பா. இருவத்திமூணு வருசமா நடந்துகினுதான் கீறா."

பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. அவன் வாயசைந்தது, என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. காலை எடுத்துப் படியில் வைத்தான். ஏறினான். ஜன்னலுக்கு வந்து முழங்கையை வைத்து, மார்பை நிமிர்த்தி, ஊருக்கு ஒரு சல்யூட் அடித்தான். கைத்தட்டல் கூரை ஓட்டில் மோதியது.

சிக்னலின் கைப்பிடி பச்சையம்மாளிடம் இருந்தது. அவள் அதை இறக்கவில்லை. விட்டுவிடவும் இல்லை. ஜலகண்டேசன் மைக்கில், "இதோ, வீரனின் துணைவியாரே தன் கையால்" என்று சொல்லிக்கொண்டே வந்து, அவள் கைமேல் தன் கையை வைத்து, ஒரு பெண்ணின் கையை எவ்வளவு மெதுவாகப் பிடிக்கவேண்டுமோ அவ்வளவு மெதுவாக அழுத்தினார். சிக்னல் இறங்கியது.

ரயில் குகைக்குள் போயிற்று. வந்தது. பிஸ்கட் டின் தகரமாக வந்தது, கொஞ்ச தூரம் வந்து தானே நின்றது, அதற்குப் பிறகு நகரவில்லை.

அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பதினாறாம் நாள் காலையில் நாகரத்தினமும் நாலைந்து பெண்களும் பூவும் மஞ்சளும் பித்தளைத் தட்டும் எடுத்துக்கொண்டு, செய்யவேண்டியதைச் செய்துவிடலாம் என்று ரன்னிங் ரூமுக்கு வந்தார்கள். வளையல் உடைக்கவேண்டும் அல்லவா. இனிமேல் அவள் எந்த வரிசை என்பது ஊருக்குத் தெளிவாகிவிட்டது. அந்த நிம்மதி எல்லோர் முகத்திலும் இருந்தது.

பச்சையம்மாள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வளையலு எங்கியும் ஓடிடாதுக்கா," என்றாள். "ஓடத் தெரிஞ்சவங்கள நீங்க எங்க விட்டீங்க? குந்துங்க, சாப்ட்டுட்டுப் போங்க."

அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பார் நன்றாக இருந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். மலையை உடைத்துக் குப்பைவண்டியில் போட்டார்கள், பிங்பாங் மேஜையைத் துடைத்தார்கள், மாசியிலிருந்து மறுபடியும் பந்து சத்தம் கேட்டது. எத்திராஜுலு அடுத்ததாக அறுபத்தைந்தாம் வருஷத்து ரயிலுக்குப் போட்டோ தேடிக்கொண்டிருந்தார்.

1999 ஜூன் 17 அன்று, வடக்கே எல்லைக்குப் போய்க்கொண்டிருந்த ராணுவ ஸ்பெஷல் ஒன்றை, ஏரிக்கோடி ஜங்ஷனுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், வீடோ ஆளோ இல்லாத முள்காட்டில், ரன்னிங் ரூம் சமையல்காரர் பச்சையம்மாள், வயது நாற்பத்தேழு, தண்டவாளத்தின் நடுவே சிவப்புப் புடவையை விரித்துப் பிடித்து நிறுத்தினார். ஸ்டேஷனில் ஆரத்தித் தட்டுகளோடு காத்திருந்த ஊருக்கு, ரயில் ஏன் தாமதம் என்று சொல்லப்படவில்லை. ரயில்வே சட்டப்படி அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஜங்ஷனில் ஆட்களை எண்ணியபோது இரண்டு பேர் குறைந்தார்கள். அவர்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.